மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை

கல்யாண வீட்டில் ஒருவரைக் காட்டி "இவர் எங்க அண்ணன்" என்று சொன்னால் பேச்சு அதோடு நிற்காது. "கூடப் பிறந்த அண்ணனா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம் என்றால் சரி. இல்லை என்றால் பெரியப்பா மகனா, பெரியம்மா மகனா, ஒன்றுவிட்டதா, இரண்டுவிட்டதா என்று விசாரணை நீளும். இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவர்கூட ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்பா ஒருவர்தான், அம்மா வேறு என்றால், "எங்க அப்பாவுக்கு மூத்த தாரத்துப் பையன்" என்று மெதுவாகச் சொல்வார்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் உண்டு. அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் பொது என்றால் 'ஹாஃப் பிரதர்'. இருவருமே பொது இல்லை, அவன் அப்பாவும் இவன் அம்மாவும் மறுமணம் செய்துகொண்டதால் ஒரு வீட்டுக்குள் வந்த பையன்கள் என்றால் 'ஸ்டெப் பிரதர்'. முதல் உறவில் ரத்தம் உண்டு, இரண்டாவதில் இல்லை. சினிமாச் செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழில் 'அரை அண்ணன்' என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான். உறவைப் பின்னமாக்கும் பழக்கம் நம் பேச்சில் இல்லை. தம்பி என்றால் தம்பிதான். அந்தச் சொல்லே 'தம்' என்பதோடு 'பின்' சேர்ந்து வந்தது என்பார்கள்: தமக்குப் பின் பிறந்தவன். பழைய தமிழில் எம்பி, நும்பி, தம்பி என்று மூன்றும் தனித்தனியாக வழங்கின. என் தம்பி, உன் தம்பி, அவன் தம்பி. இன்று மிஞ்சியிருப்பது கடைசிச் சொல் மட்டும். 'என் தம்பி' என்கிறபோது, 'என் அவன்-தம்பி' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது கிடக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சொல் யார் வயிறு, யார் விந்து என்று எதையும் கேட்பதில்லை என்பதுதான். முன்னா, பின்னா என்று மட்டும் கேட்கிறது. அதனால்தான் கைகேயி பெற்ற பரதனால் கோசலை மகனுக்கு எந்த அடைமொழியும் இல்லாமல் தம்பியாக முடிகிறது. தசரதன் மக்கள் நால்வரில் அம்மாவும் அப்பாவும் ஒன்றாக அமைந்தவர்கள் லட்சுமணனும் சத்ருக்னனும் மட்டுமே. கதையில் அந்த லட்சுமணன் போனது ராமன் பின்னால்.

வித்தியாசம் காட்டியே தீரவேண்டும் என்றால் தமிழ் தாயின் பக்கம் திரும்பும். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை. மூத்த குடியாள் மகன், இளைய குடியாள் மகன். முதல் தாரத்துப் பெண், இரண்டாம் தாரத்துப் பெண். பிள்ளைக்கு இல்லாத அடையாளம் தாயின் வரிசையிலிருந்து வருகிறது.

தாயைக் குறிக்கும் சொல்லுக்கு வருவோம். மாற்றாந்தாய். இந்தச் சொல்லில் உள்ள 'மாற்று' இரண்டு முகம் கொண்டது. மாற்றுத்துணி, மாற்று ஏற்பாடு என்கிறபோது ஒன்றின் இடத்தில் வந்த இன்னொன்று. மாற்றான் என்கிறபோது பகைவன். அகராதியில் மாற்றாள் என்று தேடினால் சக்களத்தி என்று பொருள் போட்டிருக்கும். மாற்றாக வந்த தாய் என்று நல்லவிதமாகவும் படிக்கலாம், மாற்றாளான தாய் என்று கசப்பாகவும் படிக்கலாம். ஊர் வாய் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டது. பட்ஜெட் வந்த மறுநாள் "மத்திய அரசின் மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று ஏதாவது ஒரு கட்சியின் அறிக்கை வராமல் இருக்காது. டெல்லி மேல் உள்ள கோபத்துக்கு, பெறாத பிள்ளையை வளர்த்த லட்சக்கணக்கான பெண்கள் வசவு வாங்குகிறார்கள். இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலத்தின் 'ஸ்டெப்' வேறு திசையிலிருந்து வந்த சொல். மாடிப்படிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் பழைய வடிவம் இழப்பைக் குறித்தது. பறிகொடுத்தவர், அனாதையானவர் என்று பொருள். முதலில் 'ஸ்டெப்சைல்ட்' என்றாலே தாயோ தந்தையோ போன பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குத் தாயாக வந்தவள் 'ஸ்டெப்மதர்'. அங்கே பெயர் பிள்ளையின் இழப்பிலிருந்து தொடங்குகிறது. தமிழில் வந்தவளிடமிருந்து தொடங்குகிறது.

மாற்றாந்தாய் என்பது அவள் இல்லாத இடத்தில் சொல்லும் சொல். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சித்தி, சின்னம்மா, மதுரைப் பக்கம் சின்னாத்தா, யாழ்ப்பாணத்தில் குஞ்சியம்மா, முஸ்லிம் வீடுகளில் பல ஊர்களில் சாச்சி. இந்தச் சொற்கள் எதுவுமே மாற்றாந்தாய்க்கென்று பிறந்தவை இல்லை. அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் தம்பி மனைவியும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான். இரண்டு மனைவிகள் இருந்த பழைய வீடுகளில் இளையாள் பிள்ளைகள் மூத்தாளைப் பெரியம்மா என்பார்கள், மூத்தாள் பிள்ளைகள் இளையாளைச் சின்னம்மா என்பார்கள். ஒருவனைக் கட்டியவர்கள் சொல்லளவில் அக்கா தங்கை ஆகிவிடுகிறார்கள்.

இது வெறும் மரியாதைக்காக ஒட்டவைத்ததில்லை. தமிழ் உறவுமுறையின் கட்டுமானமே அப்படி. அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒருவகை அப்பா. அம்மாவின் அக்கா தங்கைகள் எல்லோரும் ஒருவகை அம்மா. பெரிய, சிறிய என்ற முன்னொட்டு மட்டும் மாறும். 1871இல் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலகின் உறவுச் சொற்களைத் திரட்டி ஒரு பெரும் நூல் வெளியிட்டார். அதில் அவரைத் திகைக்க வைத்தவற்றில் ஒன்று, நியூயார்க் பக்கத்து செனெக்கா பழங்குடியினரின் முறையும் தமிழரின் முறையும் இந்த விஷயத்தில் ஒத்துப்போனது. அந்த ஒற்றுமையை வைத்து அவர் கட்டிய முடிவுகள் பின்னால் நிற்கவில்லை. அவர் போட்ட பட்டியல் நின்றது.

இந்தக் கட்டுமானத்தால் ஒரு வசதி. பிரசவத்தில் அக்கா இறந்துவிட்டால் தங்கையை அதே மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பது போன தலைமுறை வரை பரவலாக இருந்தது. "பிள்ளையை வேற எவளோ வந்து வளர்க்கிறதுக்கு இவளே வளர்க்கட்டும்" என்பார்கள். அப்படி வந்தவளைப் பிள்ளை புதிதாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை. நேற்று வரை சித்தி, இன்றும் சித்தி.

சரி, மாற்றாந்தந்தை? அகராதிக்காரர்கள் போட்டுவைத்திருக்கலாம், பேச்சில் கிடையாது. விதவை மறுமணத்தைச் சட்டம் அனுமதித்தது 1856இல். அதற்கு முன்பும் பல சாதிகளில் அறுத்துக்கட்டுவது வழக்கமாகவே இருந்தது; அதை வைத்தே அந்தச் சாதிகளைத் தாழ்வாகப் பேசியவர்கள் உண்டு. ஆனால் அறுத்துக்கட்டிப் போகிற பெண் பெரும்பாலும் முதல் கணவனின் பிள்ளைகளை அவன் வீட்டாரிடம் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. பிள்ளை அவர்கள் வம்சம், அவர்கள் பங்கு. ஒரு தாய்க்கு இரண்டு கணவன்மாரிடம் பிறந்த பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழ் வளர்வது அபூர்வம். கூப்பிட ஆள் இல்லாத உறவுக்குச் சொல்லும் உண்டாகவில்லை. இன்று விவாகரத்து, மறுமணம் எல்லாம் சாதாரணமாகி, அம்மாவோடு அவள் புதுக் கணவன் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் 'அப்பா' என்கிறார்கள், 'அங்கிள்' என்கிறார்கள், சிலர் 'சித்தப்பா' என்கிறார்கள். தமிழ் இன்னும் ஒன்றை முடிவுசெய்யவில்லை.

உடன்பிறந்தான் என்ற சொல்லில் உடன் எதற்கு? கூட எங்கே? வயிற்றில். "ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்" என்றுதான் நாம் சொல்கிறோமே தவிர "ஒரு தகப்பன் பிள்ளைகள்" என்பது அந்த அழுத்தத்தோடு வருவதில்லை. சகோதரன் என்ற வடசொல்லும் அதுவே: சக உதரம், அதே வயிறு. அதன் இன்னொரு வடிவம்தான் சோதரன். கிரேக்கத்திலும் சகோதரனுக்கான 'அடெல்ஃபோஸ்' என்ற சொல்லின் வேர் கருப்பைதான். சமஸ்கிருதத்தில் மாற்றாந்தாய் மகனுக்கு வைமாத்ரேயன் என்று தனிப்பெயர் உண்டு. வேறு வயிற்றில் பிறந்தவன் என்ற பொருளில் பின்னோதரன் என்றும் சொல்வார்கள். மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட உரையில் சகோதரர்களுக்குள் வாரிசு வரிசை பேசும்போது சோதரன் முன்னால், பின்னோதரன் அடுத்தது.

சொல்லின்படி கணக்குப் போட்டால் அர்ஜுனனுக்குக் கர்ணன் சகோதரன். இருவரும் குந்தியின் வயிறு. நகுலன் சகோதரன் இல்லை, அவன் மாத்ரியின் வயிறு. ஆனால் யட்சன் குளக்கரையில் இறந்து கிடக்கும் தம்பிகளில் ஒருவனை எழுப்பித் தருகிறேன் என்றபோது தர்மன் கேட்டது நகுலனை. குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒருவன் இருக்கவேண்டும் என்பது அவன் நியாயம். அங்கேயும் வயிற்றுக் கணக்குத்தான், வேறு மாதிரி.

வயிற்றை இவ்வளவு மதிக்கும் மொழி, சொத்து என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறது. பங்காளி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு ஆள்பவன் பங்காளி; பெயரிலேயே பாகப்பிரிவினை இருக்கிறது. தாயாதி என்பதும் இதே பொருள். அதில் 'தாய்' தெரிவதால் தாய்வழி உறவு என்று பலர் நினைக்கிறார்கள். தாயம் என்றால் பரம்பரைச் சொத்துரிமை. அந்தப் பங்கை வாங்குகிறவன் தாயாதன், தாயாதி. நாஞ்சில் நாட்டில் அக்காள் தங்கை மக்களுக்குச் சொத்து போன முறைக்கு மருமக்கள்தாயம் என்று பெயர். அது எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பதைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார்.

அப்பா ஒருவர், அம்மாக்கள் இருவர் என்றால் அந்தப் பிள்ளைகள் முழுப் பங்காளிகள். ஒரே குலதெய்வம். ஒருவர் வீட்டில் சாவு என்றால் மற்றவருக்கும் தீட்டு. கோயில் வரி எழுதும் நோட்டில் மூத்தாள் மகனும் இளையாள் மகனும் ஆளுக்கொரு தலைக்கட்டு. அம்மா ஒருத்தி, அப்பாக்கள் இருவர் என்றால் குலதெய்வம் வேறு, தீட்டு வேறு, வரி நோட்டில் பக்கமே வேறு. பத்து மாதம் ஒரே வயிற்றில் கிடந்தவர்கள் பங்காளிகள் ஆவதில்லை.

ஆனாலும் வயிறு முழுக்கத் தோற்றுவிடவில்லை. பத்னிபாகம் என்று ஒரு வழக்கம் சில சமூகங்களில் இருந்தது. பழைய வழக்குத் தீர்ப்புகளில் அந்தச் சொல் வரும். மூத்தாளுக்கு ஒரு மகன், இளையாளுக்கு நான்கு மகன்கள் என்று வையுங்கள். புத்திரபாகம் என்றால் சொத்து ஐந்து கூறு. பத்னிபாகம் என்றால் இரண்டு கூறு. மூத்தாள் மகன் தனியாகப் பாதியை எடுத்துக்கொள்வான், இளையாள் மக்கள் நால்வர் மீதிப் பாதியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எத்தனை வயல்வரப்பில் எத்தனை அரிவாள் இதனால் தூக்கப்பட்டிருக்கும்!

யாழ்ப்பாணத்துத் தேசவழமை இன்னும் நுணுக்கம். டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் பதியவைத்த அந்தச் சட்டம் சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பார்க்கிறது. மனைவி இறந்து, கணவன் மறுமணம் செய்யப் போகிறான் என்றால் பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டியோ நெருங்கிய உறவோ கேட்டு வாங்கிக்கொள்வதைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. அப்போது பிள்ளையோடு, செத்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அந்தத் திருமணத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் அவன் ஒப்படைத்துவிட வேண்டும். புது மனைவி வாசலில் கால் வைக்கும் முன்பே பழைய மனைவியின் வயிற்றுக்கு உரியது கணக்குத் தீர்ந்துவிடும். மாற்றாந்தாய்க் கொடுமைக் கதைகள் பாதிக்கு மேல் சொத்துக் கதைகள்தான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இந்த விதியைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட யாழ்ப்பாணத்து முதலியார்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

சற்றுத் தள்ளிய உறவுகளையும் இங்கே பார்த்துவிடலாம். ஒன்றுவிட்ட அண்ணன் என்பதில் 'விட்ட' என்பது உறவை விட்டுவிட்டதைக் குறிக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்கிறோமே, அந்த 'விட்டு'. இடையில் ஒரு பிறப்பைத் தாண்டிய அண்ணன். அப்பாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் பிள்ளைகள் ஒன்றுவிட்டவர்கள்; தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் இரண்டுவிட்டவர்கள். எத்தனை விட்டாலும் அண்ணன் அண்ணன்தான், அவன் வீட்டில் பெண் எடுக்க முடியாது. மாமன் மகன், அத்தை மகன் இந்தக் கணக்கில் வரமாட்டான், அவன் மச்சான்.

இந்த இடத்தில்தான் 'கசின்' என்ற ஆங்கிலச் சொல் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. லத்தீனில் அதன் மூலச்சொல் தாயின் சகோதரி பிள்ளையைத்தான் குறித்தது, நம் பெரியம்மா மகன், சித்தி மகன் மாதிரி. வழியில் எல்லாப் பக்கமும் பரவி, இப்போது அண்ணனும் மச்சானும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். தமிழ் ஆட்களுக்கு அது ஒப்பவில்லை. ஆங்கிலேயர் காதில் கோணலாக விழும் 'கசின் பிரதர்', 'கசின் சிஸ்டர்' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டோம். "அவ என் கசின் சிஸ்டர்" என்று ஒரு பையன் சொன்னால், கட்டிக்கொள்ளும் முறை இல்லை என்று சொல்லிவிட்டான்.

ஈழத்தில் பெறாமகன், பெறாமகள் என்று இரண்டு சொற்கள் உண்டு. அண்ணன் தம்பி பிள்ளைகளை ஆண்களும், அக்கா தங்கை பிள்ளைகளைப் பெண்களும் அப்படிச் சொல்வார்கள். மரண அறிவித்தல்களில் மக்கள், மருமக்கள், பெறாமக்கள் என்று வரிசையாக வரும். பெறவில்லை, ஆனாலும் மகன். மாற்றாந்தாய் வளர்க்கும் மகனுக்கும் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. வழக்கு அவனுக்கு அதைக் கொடுக்கவில்லை. தமிழ் முஸ்லிம்களிடம் பால்குடி உறவு என்று ஒன்று இருக்கிறது: ஒரே பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள், பெற்றவர்கள் வேறானாலும், மார்க்கப்படி ஒருவரையொருவர் மணக்க முடியாது. அதே உறவால் வாரிசுரிமை மட்டும் வராது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உடன்பிறப்பை மூன்றாகப் பிரிக்கிறது. அப்பா அம்மா இரண்டும் ஒன்று என்றால் முழு ரத்தம். அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் அரை ரத்தம். அம்மா ஒன்று, அப்பா வேறு என்றால் அதை ரத்தக் கணக்கில் பாதி என்றுகூடச் சொல்லாமல் கருப்பை வழி உறவு என்று தனியாக வைத்திருக்கிறது.

இது எங்கே உதைக்கும் என்றால், கல்யாணம் ஆகாத ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார், பெற்றோரும் இல்லை, அண்ணன் தம்பிகள்தான் வாரிசு என்று வரும்போது. 18ஆம் பிரிவின்படி முழு ரத்தச் சகோதரன் இருந்தால் அரை ரத்தச் சகோதரனுக்கு ஒன்றும் இல்லை. முழு ரத்தம் யாரும் இல்லை என்றால் அரை ரத்தம் வரலாம். ஒரே வயிற்றில் பிறந்து அப்பா வேறானவன்? சட்டத்தின் அட்டவணையில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது: இங்கே சகோதரன், சகோதரி என்று சொல்வது கருப்பை வழிச் சகோதரர்களைக் குறிக்காது. சகோதரன் என்ற சொல்லின் நேர்ப்பொருளுக்கு உரியவனைத்தான் சட்டம் சகோதரன் இல்லை என்கிறது. கர்ணன் வழக்குப் போட்டிருந்தாலும் அட்டவணையில் இடம் கிடைத்திருக்காது.

அப்பாவின் சொத்தில் இந்தத் தகராறு கிடையாது. மூத்த தாரம் இறந்தபின் முறைப்படி இரண்டாம் தாரம் கட்டினார் என்றால் இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் சமம். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே கட்டியிருந்தால், 1955ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி அந்த இரண்டாம் திருமணம் செல்லாது. ஆனால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகள் என்கிறது, பெற்றோர் சொத்தில் உரிமையும் தருகிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் அப்பாவுக்குச் சேரவேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நடைமுறையில், இரண்டு தாரம் என்று விசாரணையில் தெரிந்தாலே வாரிசுச் சான்றிதழ் விஷயத்தில் தாசில்தார் அலுவலகம் பெரும்பாலும் கோர்ட்டைக் காட்டிவிடும்.

சித்தியின் சொத்துதான் சிக்கல். இந்துப் பெண் ஒருத்தி உயில் எழுதாமல் இறந்தால் முதல் வரிசையில் வருபவர்கள் மகன், மகள், கணவன். அந்த 'மகன்' என்பதில் கணவனின் மூத்த தாரத்து மகன் அடங்கமாட்டான் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளுக்குச் சொந்தப் பிள்ளையும் இல்லை, கணவனும் இல்லை என்றால் அவன் கணவனின் வாரிசு என்ற வழியில் அடுத்த வரிசையில் நுழைவான். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து என்றால் அதுவும் நடக்காது, அது அவள் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால், மூன்று வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த மூத்தாள் மகனுக்கு அவள் பெயரில் உள்ள வீட்டில் ஒரு செங்கல்கூடச் சட்டப்படி வராது. அவனுக்கும் சேரவேண்டும் என்று அவள் நினைத்தால், இருக்கும்போதே உயிலோ தான செட்டில்மெண்டோ எழுதவேண்டும். அதில் உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று மட்டும் போட்டு விடாமல், 'என் கணவரின் முதல் மனைவி மகன்' என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.